டிராகனுக்கு ஓணான் நிறம்

எங்கள் கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் மாஸ்டர் பேனல் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடச் சிலேட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு தகடு. கார் எத்தனை நிறங்களில் வெளியே போகிறதோ அத்தனை தகடுகள். வெயில் படாமல், தூசு படாமல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். லைனில் வரும் ஒரு கதவின் நிறத்தில் சந்தேகம் வந்தால் அந்தத் தகட்டை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் பாஸ். ஒத்துப்போகாவிட்டால், அது உலகத்திலேயே அழகான சிவப்பாக இருந்தாலும், எங்களுக்கு அது குறை. ஒரு வட்டம் போட்டு ஓரங்கட்டிவிடுவோம்.

ஒரகடத்தில் பல வருடங்களாக என் வேலை இதுதான். தலையைச் சாய்த்துப் பார்ப்பது. இந்த வேலை மனிதனைக் கெடுத்துவிடும். கல்யாணத்துக்குப் போனால், மணமேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணி இரண்டு பக்கமும் வேறு வேறு தானில் கிழித்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் சும்மா இருக்கவும் வாய் விடாது. வெள்ளையில் மட்டும் ஏழெட்டு வெள்ளை சொல்வேன். என் மனைவி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் வேலை செய்கிறாள். 'இவரு கூட துணி எடுக்கப் போறதுக்கு, கெடக்கறத கட்டிகினு போயிடலாம்' என்று கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாளாம். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பேர் கம்பெனிக்கும் நடுவில் வரும் என்று பார்த்துப் பிடித்த வீடு.

அவள் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பிள்ளை உண்டானது. அத்தனை மாதமும் வீட்டில் நிறத்தைப் பற்றியேதான் பேச்சு. என் அம்மா எங்கிருந்தோ குங்குமப்பூ வாங்கிவந்து, டப்பாவைத் தன் முந்தானையிலேயே முடிந்து வைத்துக்கொண்டு, தினமும் பாலில் போட்டுக் கொடுத்தாள். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம். 'டின்டர் கலக்க இது இன்னா பெயின்ட் டப்பாவாம்மா' என்று நான் கத்துவேன். அம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நான் கறுப்பு. என் மனைவி என்னைவிட ஒரு பிடி வெளுப்பு. 'உங்க கலரா, என் கலரா, சொல்லுங்க பாக்கலாம்' என்று அவள் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பாள். 'பொறக்கட்டும். ரெண்டு பேர் கையயும் ரெண்டு பக்கமும் வெச்சுப் பாத்து கரெக்டா சொல்றேன்' என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

எட்டாம் மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. உயிரில்லை.

அவள் கண் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செத்துப் பிறந்ததைத் தாய்க்குக் காட்டக் கூடாது. பார்த்தால் அது மனதிலேயே நின்றுவிடும், அடுத்தது தங்காது என்பார்கள். 'அம்மாவுக்குக் காட்டணுமா?' என்று நர்ஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, 'வோணாம்மா, வோணாம்' என்று என் முன்னால் வந்து நின்றாள். துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். நடையில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. காலை வெளிச்சம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. துண்டை விலக்கிப் பார்த்தேன். எல்லாரும் மூக்கு யார் மாதிரி, முகம் யார் மாதிரி என்று பார்ப்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் பார்க்கத் தெரியாது. நான் நிறத்தைப் பார்த்தேன். பார்த்த நிறம் எனக்கு மறக்காது. அதுதான் என் பிழைப்பு.

நானும் என் மாமாவும் ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். அந்த இடத்தையும் அவளுக்குச் சொல்லக் கூடாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தையல் ஆறுவதற்குள்ளேயே அவள் கேட்டாள். 'இன்னா கலருங்க இருந்துச்சு?'

'மாநிறம்' என்றேன்.

'மாநிறம்னா? உங்க மாநிறமா, என் மாநிறமா?'

'ரெண்டும் கலந்த மாதிரி.'

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்து, யாரிடமோ புகார் சொல்வதுபோலச் சொன்னாள்: 'வெள்ளையிலயே ஏழெட்டு வெள்ளை சொல்ற மனுசன், புள்ளைக்கு மாநிறம்னு சொல்றாரு.'

அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான். எனக்குத் தெரிந்ததும் அந்த ஒன்றுதான். அதைச் சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மூன்று தடவை கேட்டாள். சோறு போடும்போது ஒரு தடவை. கொடியில் துணி எடுக்கும்போது ஒரு தடவை. நான் ஒவ்வொரு தடவையும் 'நல்லா இருந்துச்சு' என்றேன். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். மறுபடி கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அவள் முதல் ஷிஃப்டு என்றால் நான் இரண்டாம் ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் காலம் தள்ள, இந்தப் பக்கத்து ஷிஃப்டுகளைப்போல வசதி வேறெதுவும் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் டிராகன் வந்தது.

எங்கள் ஷாப்பில் ரோபோக்களைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருவன் இருக்கிறான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், கல்யாணமாகாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அவன் நண்பர்களும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃப்ளாட்டில் கூடி, பெரிய மேஜை மேல் சின்னச் சின்னப் பொம்மைகளை நிறுத்திவைத்து, டேப்பால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்கள். பூதம், ராட்சசன், கவசம் போட்ட குள்ளன், இறக்கை வைத்த பாம்பு. எல்லாம் அவனே வீட்டில் ஒரு மெஷினில் பிரிண்ட் போட்டு எடுப்பது. கட்டைவிரல் உயரம்தான், ஆனால் பல்லும் நகமும்கூடத் தனித்தனியாகத் தெரியும். மாதாமாதம் இன்கம்டாக்ஸ் கட்டுகிற ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து பொம்மை விளையாடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் நான் டச்சப் செய்வதைப் பார்த்திருக்கிறான். கதவு விளிம்பில் ஊசிமுனை அளவு பெயின்ட் பெயர்ந்திருந்தால், மெல்லிய பிரஷ்ஷால் அதை மூடுவது என் கை. ஒருநாள் டீ நேரத்தில் ஒரு டிராகனைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தான். சாம்பல் நிறத்தில், மொட்டையாக இருந்தது.

'அண்ணாச்சி, இதுக்கு பெயின்ட் அடிச்சுத் தாங்க. எந்தக் கலர்னாலும் சரிதான்.'

'எந்தக் கலர்னாலும்னா எப்படிப்பா? ரெஃபரன்ஸ் இல்லையா?'

'டிராகன யாரு பாத்துருக்கா அண்ணாச்சி? நீங்க அடிக்கதுதான் அதுக்குக் கலரு.'

அவன் அதை உற்சாகமாகச் சொன்னான். எந்த நிறமும் சரி என்றால் எந்த நிறமும் தப்பில்லை என்று ஆகிறது. தப்பே இல்லாத இடத்தில் நான் எதைப் பார்ப்பது? வாங்கிய சின்னச் சின்ன அக்ரிலிக் புட்டிகளையும் அந்த டிராகனையும் ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் பேனல் இல்லாமல் எனக்குக் கை ஓடாது.

பேனல் ரோட்டில் கிடைத்தது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போகும் சாலையில், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர்கள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தியபோது, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓணான் அடிபட்டுக் கிடந்தது. வால் நசுங்கியிருந்தது. தலையும் முதுகும் முழுசாக இருந்தன. தலையிலிருந்து தோள்வரை செங்கல் பொடியில் சாம்பல் கலந்த மாதிரி ஒரு சிவப்பு. கன்னத்துக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு. அதற்குப் பிறகு மண் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கையால் ஸ்பிரே அடிக்க எங்கள் ஷாப்பில் ஒருவனுக்கும் வராது. நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நான் பாஸ் போட்டு அனுப்பிய கார்கள் என் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அதில் ஏதாவது ஒரு டிரெய்லர்தான் இதை அடித்திருக்கும்.

செல்போன் படம் நிறத்தில் பொய் சொல்லும். அதனால் அன்று முதல் வண்டிப் பெட்டியில் நாலைந்து புட்டியும் ஒரு கட்டு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூனும் வைத்துக்கொண்டேன், பிறந்தநாளுக்குக் கேக் தின்னக் கொடுப்பார்களே, அந்த ஸ்பூன். ஸ்பூனின் முதுகில் நிறத்தைக் கலந்து தடவி, செத்த உடம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போகும்வரை கலப்பேன். அந்த வருடம் நான் பார்த்ததையெல்லாம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சாரைப்பாம்பின் வயிற்று மஞ்சள். கீரியின் ஒரே மயிரில் மாறி மாறி வரும் வெள்ளையும் பழுப்பும். அடிபட்ட பனங்காடையின் இறக்கையை விரித்தபோது உள்ளே இருந்த நீலம். ரோட்டில் போகிற வருகிறவர்கள், பைத்தியம் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

டிராகன் ஓணான் நிறத்தில் தயாரானது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தது. 'அண்ணாச்சி, உயிரோட இருக்க மாதிரில்லா இருக்கு' என்றான் இன்ஜினியர். அடுத்தடுத்துப் பொம்மைகள் வந்தன. பூதத்துக்குக் கண்ணாடி விரியனின் சங்கிலிக் கோலம் போட்டேன். குள்ளனின் கவசத்துக்குப் பொன்வண்டின் பச்சை. மயில் நிறம் கேட்டவனுக்கு மட்டும் முடியாது என்றுவிட்டேன். அது எல்லாரும் அடிக்கிறது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும். அதைவிட, அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஏரிக்கரை நினைவுக்கு வராமல் இருந்தது.

ஒரு நாள் மீன்கொத்தி ஒன்று கிடைத்தது. உடம்பு சேதமில்லாமல் இருந்ததால் ரோட்டில் வைத்துப் பார்க்க மனமில்லை. என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, அதில் வைத்து, ஷிஃப்டுக்குப் போகாமல் பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அதற்குள் வேலை முடிந்து வந்த அவள், டப்பா கழுவலாம் என்று திறந்துவிட்டாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூடியைத் திரும்ப மூடி அதன்மேல் கையை வைத்தபடி நின்றாள்.

'பொதச்சுட்டு வாங்க' என்றாள்.

'கலர் எடுத்துட்டு...'

'பொதச்சுட்டு வாங்கன்னேன்.'

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணைத் தள்ளி மூடி, மிதிக்கும்வரை நின்றாள். பிறகு கிட்டே வந்து, கீழே கிடந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்து அந்த இடத்தில் அடையாளமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அங்கேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, செல்போனைப் பார்க்கிறவன்போல நடந்து உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு அவள் என் பொம்மைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். அதுவரை அந்த ஜன்னல் பக்கமே வரமாட்டாள். ஒரு மத்தியானம், கொடுத்தனுப்பத் தயாராக வரிசையாக நிறுத்தியிருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். அடுத்த சண்டைக்கு முன்னால் பல்லைச் சரிசெய்யச் சொல்லி அந்த ஓணான் டிராகனும் திரும்பி வந்திருந்தது.

'எல்லாம் செத்துக் கெடக்குது' என்றாள்.

'இன்னா?'

'இது செத்த ஓணான். இது செத்த பாம்பு. பாத்தா தெரியலயா?'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'பக்கத்துல வெச்சு மேட்ச் பண்ணிருக்கேன்டி. ஒரு பொட்டு வித்தியாசம் இருந்தா சொல்லு' என்றேன். ஸ்பூன்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். அவள் ஸ்பூனைப் பார்க்கவே இல்லை.

'உசுரோட ஒரு ஓணான பாத்துகீறீங்களா?'

'சின்ன வயசுல பாக்காததா?'

'இப்போ?'

இப்போது பார்த்ததில்லை. உயிருள்ளது நிற்காது, ஓடிவிடும். ஓடுகிறதைப் பக்கத்தில் வைத்து மேட்ச் பண்ண முடியாது. நின்று காட்டுகிறதைத்தான் நான் பார்த்தேன். பெயின்ட் ஷாப்பில் முப்பது வருடம் வேலை செய்தாலும் இந்தத் தப்பைச் செய்யத்தான் செய்வோம். எங்களைப் பொறுத்தவரை, அசையாமல் கிடப்பதுதான் பேனல்.

அந்த வாரம் இருவருக்கும் ஒரே நாளில் லீவு வந்தது. வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகலாம் என்று கூப்பிட்டாள். குழந்தைக்குப் பிறகு அவள் கோயிலுக்கே போனதில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தேன். சாமி கும்பிட்டு வந்ததும், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் முள்வேலி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். 'எங்க கம்பெனி வேலியில டீ டைம்ல தெனம் பாப்பேன். வெயில் ஏறட்டும், வரும்' என்றாள். வெயில் ஏறியது. வேலிக் கம்பத்தின்மேல் ஒரு ஓணான் ஏறி உட்கார்ந்தது. முதலில் மண் நிறமாகத்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஓணான் தலை தூக்கியது. அவ்வளவுதான், இதற்கு ரோஷம் வந்து தலையை ஆட்ட ஆரம்பித்தது. ஆட்ட ஆட்ட, கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. அடுப்பில் கங்கு காற்றுப் பட்டுச் சிவப்பது மாதிரி. என் ஸ்பூனில் இருந்த செங்கல் பொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தப் பேனலிலும் இந்த நிறத்தைப் பிடித்து வைக்க முடியாது, ஏனென்றால் இது ஒரு நிறமாகவே நிற்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒரு வருடமாக நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் உயிர் போன பிறகு மிஞ்சியது. அதைத்தான் எல்லாரும் உயிரோடு இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

'செத்தா கலர் எறங்கிடும், இல்ல?' என்றாள் அவள், ஓணானைப் பார்த்தபடியே.

'ம்.'

'பாப்பாவுக்கும் எறங்கியிருக்கும்.'

ஓணான் தாவி வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

'அது பொழச்சிருந்தா எப்டி இருந்திருக்கும்னு நான் கேக்கலங்க. அத எனக்கே நெனச்சுக்கத் தெரியும். அது எப்டி இருந்துச்சோ, அத்தத்தான் கேக்கறேன். உங்களுக்குத் தெரியும். உங்க அம்மாவுக்குத் தெரியும். அந்த நர்ஸுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.'

'வா, போலாம்' என்றேன். வழியெல்லாம் அவள் கை என் தோளைத் தொடாமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தேன். பழக்கதோஷம்தான். அவள் பின்னாலேயே வந்தாள். ஸ்பூன் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவி என் முன்னால் வைத்தாள்.

'போடு' என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒருமையில் பேசியதில்லை. 'பாப்பா கலர இதுல போடு.'

நான் பிரஷ்ஷை எடுத்தேன். வெள்ளையில் பழுப்பைக் கலந்தேன். கொஞ்சம் மஞ்சள். ஒரு சொட்டுச் சிவப்பு. அவள் கையையும் என் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்கு இரண்டும் மனப்பாடம். இரண்டுக்கும் நடுவில், பிறந்த பிள்ளைக்கு இருக்கும் சிவப்பும் சேர்ந்து ஒரு நிறம் வந்தது. அழகான நிறம். ஸ்பூன் முதுகில் வழவழவென்று தடவிக் கொடுத்தேன்.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நாங்கள் லைனில் பார்ப்பதுபோலவே பார்த்தாள். எத்தனை நாள் என்னைக் கவனித்திருக்கிறாளோ.

'இது உசுரோட கீது' என்று சொல்லி ஸ்பூனைக் கீழே வைத்தாள். 'எனக்குப் பொய் சொல்லாத.'

இன்னொரு ஸ்பூனை எடுத்து வைத்தாள்.

அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் கலந்தேன். மஞ்சளைத் தொடவில்லை. பழுப்பில் வெள்ளை, அதில் ஊதா, கொஞ்சம் சாம்பல். ரொம்ப ஊதாவாகிவிட்டது, சிவப்பைச் சேர்த்தேன். பத்தவில்லை. இன்னும் ஒரு பொட்டு. அந்த நடையின் ஜன்னலும், துண்டின் ஓரமும், என் உள்ளங்கைச் சூட்டில்கூடச் சூடேறாத அந்தக் கன்னமும் கண்முன் இருந்தன. அதுதான் என் பேனல். இவ்வளவு நாளாக உறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். ஒத்துப்போனதும் எனக்குத் தெரிந்தது. ஸ்பூனின் முதுகில் தடவினேன். வளைவு கன்னத்தின் வளைவாகவே இருந்தது. மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, கீழே உதட்டின் நிறத்தையும் ஒரு கோடாக வைத்தேன். அது மட்டும் நல்ல கறுஞ்சிவப்பு.

அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தத் தடவை தலையைச் சாய்க்கவில்லை.

வெளியே ஷிஃப்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து புட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தேன்.

'நாவப்பழம் துன்ன வாய் மாதிரி கீது' என்றாள்.

அப்போதுதான் அழுதாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளிவிடவில்லை. தாங்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் பூட்டி வைத்திருந்தது, உண்மையில் அவளுக்குச் சேர வேண்டியது.

அழுது முடித்ததும் என் கைப்பழக்கம் விடவில்லை. 'மேல வார்னிஷ் அடிச்சுத் தரட்டுமா? இல்லன்னா தேஞ்சிடும்' என்றேன்.

'பளபளன்னு இருந்துச்சா?'

'இல்ல.'

'அப்ப வோணாம்.'

அவள் ஆட்காட்டி விரலால் அந்த உதட்டைத் தொட்டாள். காயவில்லை, தொடாதே என்று சொல்வதற்குள் தொட்டுவிட்டாள். விரல் நுனியில் அந்தக் கறுஞ்சிவப்பு ஒட்டிக்கொண்டது. குழாயடிக்குப் போகாமல் புடவைத் தலைப்பால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு, ஸ்பூனை எடுத்துக்கொண்டுபோய் பீரோவில் வைத்தாள். அன்று சோறு போடும்போது அந்தக் கையால் போடவில்லை. மறுநாள் காலை முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதும் அது அவள் விரலில் அப்படியே இருந்தது. அவர்கள் லைனில் எல்லாரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அதற்குள்ளே இருந்திருக்கும்.